ஓட்டுபவருக்கு வெக்கை, பக்கத்து சீட்டுக்குக் குளிர்: ஒரு கார் ஏசி நிகழ்வு ஆய்வு

வண்டி ஐந்து வயதான டீசல் செடான். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வெப்பநிலை வைத்துக்கொள்ளும் இரட்டை மண்டல ஏசி. புகார் ஒரே வரிதான்: இடப்பக்கம் உட்காருபவர் ஏசியைக் குறைக்கச் சொல்கிறார், வலப்பக்கம் ஓட்டுபவர் வேர்வையில் நனைகிறார்.

இடம் மதுரை, காலம் கத்திரி வெயில். இந்தப் பருவத்தில் பட்டறைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவை ‘கூலிங் பத்தலை’ என்றுதான் வரும். ஒரு பக்கம் மட்டும் குளிரவில்லை என்று வருவது குறைவு. ஆனால் தேவையில்லாமல் காசு கரைவது இந்த இரண்டாம் வகையில்தான் அதிகம்.

இந்த வண்டியும் மூன்று இடம் பார்த்துவிட்டுத்தான் வந்தது. ஓர் இடத்தில் ஏசி ஃபில்டர் மாற்றியிருந்தார்கள். காற்று கொஞ்சம் வேகமாக வந்ததே தவிர வேறு மாற்றமில்லை. அடுத்த இடத்தில் கேஸ் கம்மி என்று மேலே கொஞ்சம் ஏற்றிவிட்டார்கள். சில வாரம் நன்றாக இருந்து, அப்புறம் பழைய கதை. மூன்றாவது இடத்தில் கேஜ் மாட்டிப் பார்த்து, பிரஷர் சரியாக இருக்கிறது, இது கேஸ் பிரச்சினையே இல்லை, உள்ளே காற்றைத் திருப்பிவிடும் ஃப்ளாப் உடைந்திருக்கும், டேஷ்போர்டை இறக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய தொகையும் சொல்லியிருந்தார்கள். டேஷ்போர்டு என்றதும்தான் உரிமையாளருக்குத் தயக்கம் வந்தது. நியாயமான தயக்கம். ஒருமுறை இறக்கி ஏற்றிய டேஷ்போர்டு பழைய மாதிரி உட்காருவது அபூர்வம். எங்காவது ஒரு கிளிப் விட்டுப்போகும், மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் வரும், அதற்கு ஒரு தனிப் புகார் வரும்.

உரிமையாளர் மருந்து மொத்த வியாபாரி. அடிக்கடி மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் போய் வருபவர். கருவி எதையும் எடுக்குமுன் அவரிடம் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது.

“மத்தியானம் கிளம்பினா விருதுநகர் தாண்டுறதுக்குள்ள சட்டை நனைஞ்சிடுதுண்ணே. பக்கத்துல உக்கார்ற பையன் ஜன்னலைத் திறந்துக்கவான்னு கேக்குறான், அவனுக்குக் குளிருதாம்.”

மதியத்துக்கு மேல் தெற்கே போகிறவருக்கு மேற்கு வெயில் வலப்பக்கக் கண்ணாடி வழியாக நேராக மேலே விழும். ஏசி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அந்தப் பக்கம் உட்காருபவருக்கு வெக்கை தெரியும். இதை ஏசிக் கோளாறு என்று எண்ணி வருபவர்கள் உண்டு.

“திரும்பி வரும்போது எப்படி சார்?”

“சாயங்காலம் வரும்போதும் எனக்குத்தான் வெக்கை.”

திரும்பி வரும்போது வெயில் இடப்பக்கம் விழும். அப்போதும் வலப்பக்கமே சுடுகிறது என்றால் வெயில்மேல் பழி போட முடியாது. அடுத்த கேள்வி, விடியற்காலையில் கிளம்பினால் எப்படி என்பது. அப்போது இரண்டு பக்கமும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இந்த விடைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. உடைந்த ஃப்ளாப்புக்குக் காலை, மதியம் என்ற கணக்குக் கிடையாது. எப்போதும் ஒரே மாதிரிதான் தொல்லை தரும். வேலைப்பளு ஏற ஏறக் கூடும் கோளாறு என்றால் குளிர்விக்கும் திறனில்தான் குறை இருக்கும் என்று சந்தேகிக்க வேண்டும். சந்தேகம்தான், முடிவல்ல.

வண்டிக்கு அடி ஏதும் பட்டதா என்றும் கேட்டேன். முந்தைய வருடம் முன் பம்பர் அடிபட்டு மாற்றியதாகச் சொன்னார். ஜாப் கார்டில் எழுதி அடிக்கோடிட்டு வைத்தேன்.

காற்று போகும் வழி

சோதனைகள் புரிய வேண்டுமானால் டேஷ்போர்டுக்குள் காற்று எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும். நம் ஊர் வலப்பக்க ஸ்டியரிங் கார்கள் பெரும்பாலானவற்றில் ப்ளோயர் இடப்பக்கம், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அது காற்றை ஃபில்டர் வழியாகக் கூலிங் காயிலுக்குள் தள்ளுகிறது. காயில் ஒன்றே ஒன்றுதான். இரட்டை மண்டலம் என்பதால் இரண்டு காயில் கிடையாது. காயிலைத் தாண்டிய பிறகுதான் பெட்டிக்குள் நடுவே ஒரு தடுப்பு வந்து காற்றை இடம், வலம் என்று பிரிக்கிறது. ஒவ்வொரு பாதியிலும் ஒரு ஃப்ளாப், அதைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். ஃப்ளாப் ஒரு பக்கம் திரும்பினால் குளிர்ந்த காற்று நேராக வென்ட்டுக்கு வரும். மறுபக்கம் திரும்பினால் எஞ்சின் சுடுதண்ணீர் ஓடும் ஹீட்டர் காயில் வழியாகப் போய்ச் சூடாகி வரும். நடுவில் நின்றால் இரண்டும் கலந்து வரும். நீங்கள் 24 டிகிரி வைத்தால் நடப்பது இந்தக் கலவைதான்.

ஆகவே ஒரு பக்கம் சுடுவதற்குக் காரணம் இரண்டு இடத்தில் ஒன்றில்தான் இருக்க முடியும். காயிலில் ஒழுங்காகக் குளிர்ந்த காற்று பிறகு ஹீட்டரில் பட்டுச் சூடாகிறது. அல்லது காயிலே ஒரு பாதி குளிர்ந்து ஒரு பாதி குளிராமல் கிடக்கிறது. இரட்டை மண்டல வண்டி என்றதும் முதல் காரணத்துக்கே எல்லோரும் தாவுகிறார்கள். ஃப்ளாப் இரண்டு இருக்கிறது, ஒன்று கெட்டால் ஒரு பக்கம் கெடும் என்ற கணக்கு மனதுக்குச் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. ஒற்றை மண்டல வண்டியிலும், அதாவது வலத்துக்கும் இடத்துக்கும் ஒரே ஃப்ளாப் இருக்கும் வண்டியிலும், இதே புகார் வருவதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு அவ்வளவு உறுதியில்லை என்று தெரியும்.

அளவுகள்

வண்டியை நிழலில் நிறுத்தி, வெளிக்காற்று 37 டிகிரி இருந்த நேரத்தில் சோதனை. கதவுகள் மூடி, ரீசர்குலேஷன் போட்டு, ப்ளோயர் நடு வேகத்தில், இரண்டு பக்கமும் முழுக் குளிரில், எஞ்சின் 1500 சுற்றில். பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு நான்கு வென்ட்டிலும் தெர்மாமீட்டர் சொன்னது, இடக்கோடியிலிருந்து வரிசையாக: 8, 9, 16, 19 டிகிரி. கோடிக்குக் கோடி 11 டிகிரி வித்தியாசம்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஃப்ளாப் மட்டும்தான் காரணம் என்றால் நடுவிலுள்ள இரண்டு வென்ட்டுக்கும் இடையே எண் சட்டென்று குதிக்க வேண்டும், வலப்பக்க வென்ட் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். இங்கே நடுவில் குதிப்பும் இருக்கிறது, வலப்பக்கத்துக்குள்ளேயே 16இலிருந்து 19க்கு ஓர் ஏற்றமும் இருக்கிறது. ஏதோ ஒன்று வலக்கோடிக்குப் போகப் போகத் தேய்கிறது.

காற்றின் வேகம் நான்கு வென்ட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஃபில்டர் அடைப்போ காயிலின் முகத்தில் குப்பையோ இருந்தால் காற்றின் அளவுதான் முதலில் குறையும். அதை இத்துடன் விட்டுவிட்டேன்.

ஸ்கேனர் மாட்டி ஃப்ளாப் மோட்டார்களைப் பார்த்ததில் இரண்டும் முழுக் குளிர் நிலையில் நிற்பதாகக் காட்டியது. கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை. வலப்பக்கத்தை முழுச் சூட்டில் வைத்தால் வென்ட்டில் சூடான காற்று உடனே வந்தது, திருப்பி வைத்தால் இறங்கியது. மோட்டார் வேலை செய்கிறது, ஃப்ளாப் அதோடு சேர்ந்து திரும்புகிறது. ஆனால் ஃப்ளாப் முழுக்க மூடுகிறதா என்று ஸ்கேனருக்குத் தெரியாது. மோட்டாரின் அச்சு எங்கே நிற்கிறது என்பதைத்தான் அது படிக்கிறது. ஃப்ளாப்பின் ஓரத்திலுள்ள ஃபோம் உதிர்ந்து ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் ஸ்கேனரில் எல்லாம் சரியாகவே தெரியும்.

இதற்கு டேஷ்போர்டைத் தொடாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. எனக்குத் தெரிந்து இந்தப் புகாருக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை இல்லை. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புச்சுவர் வழியாக ஹீட்டர் காயிலுக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ் தெரியும். அவற்றை ஹோஸ் இடுக்கியால் நெரித்து, சுடுதண்ணீர் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். சில நிமிடத்தில் ஹீட்டர் காயில் ஆறிவிடும். ஹீட்டரே சுடாதபோது ஃப்ளாப் எங்கே நின்றால் என்ன, எவ்வளவு கசிந்தால் என்ன, காற்றைச் சூடாக்க அங்கே எதுவும் இல்லை. சுட்ட பக்கம் குளிர்ந்துவிட்டால் குற்றவாளி ஃப்ளாப். அப்படியே இருந்தால் ஃப்ளாப்பை விட்டுவிடலாம். சாதாரணக் கட்டிங் ப்ளேயரால் நெரிக்காதீர்கள், ஹோஸ் கிழியும். உப்பிப்போன, வெடிப்பு விட்ட பழைய ஹோஸ் என்றால் இந்தச் சோதனையையே தவிர்ப்பது நல்லது.

நெரித்துப் பார்த்தபோது வலக்கோடி வென்ட் 19இலிருந்து 17.5க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது.

ஆக, வலப்பக்க ஃப்ளாப் கொஞ்சம் கசிகிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கசிவின் பங்கு 1.5 டிகிரி. மொத்த வித்தியாசமோ 11. அவருக்குச் சொல்லப்பட்டிருந்த டேஷ்போர்டு வேலையை யாராவது ஒழுங்காகச் செய்து முடித்திருந்தாலும் இந்த 1.5 டிகிரிதான் கிடைத்திருக்கும்.

கேஜ் ஏன் சரியாகக் காட்டியது

மிச்சம் 9.5 டிகிரி காயிலில்தான் இருக்க வேண்டும். ஆனால் மூன்றாவது இடத்தில் பிரஷர் சரி என்றார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் கேஜிலும் லோ சைடு, அதாவது காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் குறைந்த அழுத்தப் பக்கம், 29 பிஎஸ்ஐ அழுத்தம் காட்டியது. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு அழகான எண். இந்த வண்டி ஏசியில் ஓடும் ஆர்134ஏ கேஸுக்கு அந்த அழுத்தத்தில் கொதிநிலை 1 டிகிரி. கூலிங் காயிலுக்கு அதைத்தான் விரும்புவோம்.

கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் இந்த வண்டியில் பழைய வகை அல்ல. பழைய வண்டிகளில் கிளட்ச் ‘டக்’ என்று ஒட்டும், விடும். கேஸ் குறைந்தால் லோ சைடு சரிந்து, கிளட்ச் அடிக்கடி விட்டு ஒட்டி, கோளாறைத் தானே காட்டிக்கொடுக்கும். இப்போதைய பல வண்டிகளில் இருப்பது பிஸ்டன் ஸ்ட்ரோக்கைத் தானே கூட்டிக் குறைக்கும் கம்ப்ரசர். லோ சைடு அழுத்தம் இறங்கப் பார்த்தால் அது ஸ்ட்ரோக்கைக் குறைத்துக்கொண்டு அழுத்தத்தைப் பழைய இடத்திலேயே பிடித்து வைக்கும். காயில் பனிக்கட்டி பிடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. விளைவு என்னவென்றால், கேஸ் பாதி போனாலும் லோ சைடு முள் நகராது. அந்த முள்ளை மட்டும் பார்த்து கேஸ் சரி என்று சொன்னால் கம்ப்ரசர் சரி என்று சொன்னதாகத்தான் அர்த்தம்.

கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் அதிக அழுத்தப் பக்கமான ஹை சைடின் முள் கொஞ்சம் வாய் திறந்தது: 150 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் கேஸ் திரவமாகும் வெப்பநிலை சுமார் 44 டிகிரி. வெளியே 37. நின்ற நிலையில் ஃபேன் காற்றில் ஓடும் வண்டியில், கேஸை ஆறவைத்துத் திரவமாக்கும் கண்டென்சர் வெளிக்காற்றைவிட 15 முதல் 20 டிகிரி சூடாக இருப்பது வழக்கம். அழுத்தமாகச் சொன்னால் 190இலிருந்து 215 வரை எதிர்பார்க்கலாம். வெறும் 7 டிகிரி வித்தியாசம் என்றால் கண்டென்சருக்கு வந்து சேரும் வெப்பமே குறைவு. அதாவது உள்ளே காயில் குறைவாகத்தான் வெப்பத்தை இழுக்கிறது.

அடுத்து குழாய் வெப்பநிலை. காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த அலுமினியக் குழாயில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி அதன்மேல் அளந்தோம். பளபளக்கும் அலுமினியத்தில் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நேரடியாகக் காட்டினால் அது குழாயை விட்டுவிட்டு எதிரே பிரதிபலிக்கும் எஞ்சினின் சூட்டைச் சொல்லும். டேப் ஒட்டினால்தான் நம்பலாம். குழாய் 18 டிகிரி. உள்ளே கொதிநிலை 1 டிகிரி. ஆவியான பிறகு கேஸ் கூடுதலாக 17 டிகிரி சூடாகி வெளியே வருகிறது. காயிலுக்குள் எவ்வளவு திரவம் போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வு வைத்த வண்டியில் இந்தக் கூடுதல் சூடு 5 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால் காயில் முழுக்க வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 17 என்றால் காயிலின் பெரும்பகுதியில் திரவம் இல்லை, வெறும் ஆவிதான் ஓடுகிறது.

திரவம் இருக்கும் இடத்துக்கும் ஆவி மட்டும் ஓடும் இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ ஆர்134ஏ திரவம் 0 டிகிரியில் ஆவியாக ஏறத்தாழ 200 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். அதே ஒரு கிலோ ஆவியாகிவிட்ட பிறகு 10 டிகிரி சூடேறுவதற்கு வேண்டியது சுமார் 9 கிலோஜூல்தான். குளிர் என்று நாம் உணர்வதெல்லாம் திரவம் கொதிக்கும் இடத்தில் நடப்பது. திரவம் தீர்ந்துபோன குழாய் காயிலுக்குள் இருந்தாலும் இல்லாத மாதிரிதான்.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் தலைமடை வயல் நனைந்துவிடும், கடைமடை காயும். கூலிங் காயிலில் நடப்பதும் அதேதான். எக்ஸ்பான்ஷன் வால்விலிருந்து வரும் திரவம் முதலில் எந்தக் குழாய்களில் பாய்கிறதோ அந்தப் பகுதி நன்றாகக் குளிர்கிறது. கடைசிக் குழாய்களுக்கு வருவதற்குள் எல்லாம் ஆவி. அந்தக் கடைசிக் குழாய்கள் இந்த வண்டியில் வலக்கோடியில் இருக்கின்றன, அதனால் ஓட்டுபவருக்கு வெக்கை. எல்லா வண்டியிலும் வலம்தான் சுடும் என்று கிடையாது. உள்ளே பாதை எப்படிப் போட்டிருக்கிறார்களோ அதன்படி இடம் சுடும் வண்டியும் உண்டு.

இன்னொரு சிக்கலும் இதோடு சேர்ந்துகொள்ளும். காயிலில் பனி கட்டாமல் காக்க ஒரு வெப்ப சென்சர் செருகியிருப்பார்கள். அது குளிர்ந்த பாதியில் இருந்துவிட்டால், காயில் முழுக்க குளிர்ந்துவிட்டது என்று நினைத்து கம்ப்ரசர் வேலையைக் குறைத்துவிடும். காய்ந்த பாதியின் நிலை இன்னும் மோசமாகும். விடியற்காலையில் பிரச்சினை தெரியாமல் போனதும் இதனால் விளங்குகிறது. குளிர்விக்க வேண்டிய வெப்பமே அப்போது குறைவு. இருக்கிற கொஞ்சம் திரவம் கடைசி வரை தாக்குப்பிடிக்கிறது.

தராசு

இவ்வளவு தெரிந்த பிறகும் கேஸ் கம்மி என்று எழுதிவிட முடியாது. எக்ஸ்பான்ஷன் வால்வு சரியாகத் திறக்காமல் இருந்தாலும் கூடுதல் சூடு இப்படித்தான் ஏறும், ஹை சைடும் இறங்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது எடை ஒன்றுதான்.

அதற்கு முன் ஒரு சிறு சரிபார்ப்பு. வண்டியை இரவு முழுக்க நிழலில் விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமலே கேஜ் பார்த்தோம். காற்று 30 டிகிரி, இரண்டு முள்ளும் 96 பிஎஸ்ஐ. ஆர்134ஏ அட்டவணையில் 30 டிகிரிக்கு உரிய அழுத்தம் 97. உள்ளே இருப்பது பெரும்பாலும் சுத்தமான கேஸ்தான், காற்றோ வேறு ஏதாவது கலப்போ அதிகமில்லை என்று இதில் தெரிந்துகொள்ளலாம். எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் தெரியாது. உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கிறவரை 100 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் நிற்கும் அழுத்தம் ஒன்றேதான். கலப்பைப் பற்றிய கவலை வீண் கவலை அல்ல. கடையில் கிடைக்கும் மலிவுக் கேன்கள் சிலவற்றில் லேபிளில் இருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. தீப்பற்றும் கேஸ் கலந்ததும் உண்டு.

மெஷினில் கேஸை இழுத்து எடை போட்டோம். ஆயிலில் கரைந்திருப்பது மெதுவாகத்தான் வெளியே வரும் என்பதால் சிறிது நேரம் விட்டு மறுபடி இழுத்தோம். மொத்தம் 280 கிராம். பானெட்டுக்கு உள்பக்க ஸ்டிக்கரில் இருக்க வேண்டிய அளவு 500 கிராம் என்று இருந்தது. ஏறக்குறைய பாதிக் கேஸைக் காணோம், அதுவும் இடையில் ஒருமுறை ஏற்றிய பிறகு.

கேஸை வெளியே திறந்துவிட்டு புதிதாக ஏற்றும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. ஆர்134ஏ ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில் 1430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும் என்பது ஒரு பக்கம். திறந்துவிட்டால் எவ்வளவு இருந்தது என்று தெரியாமலே போய்விடும் என்பது நம் தொழிலுக்கு இன்னொரு பக்கம். அந்த 280 என்ற எண் கிடைக்காமல் போயிருந்தால் இந்த வண்டியில் அடுத்து எக்ஸ்பான்ஷன் வால்வை மாற்றியிருப்பார்கள், அதற்கும் கேஸ் புதிதாகத்தான் ஏற்றியிருப்பார்கள், இரண்டு பக்கமும் குளிர்ந்திருக்கும், வால்வுதான் கோளாறு என்று முடிவாகியிருக்கும். கசிவு மட்டும் அப்படியே இருந்திருக்கும்.

கசிவு

பம்பர் மாற்றிய கதை ஜாப் கார்டில் இருந்ததால் தேடல் அங்கேயே தொடங்கியது. பம்பருக்குக் கீழ்க் கவரைக் கழற்றி டார்ச் அடித்ததும், கம்ப்ரசரிலிருந்து வரும் ஹோஸ் கண்டென்சரில் சேரும் இணைப்பைச் சுற்றி அழுக்கு வேறு நிறத்தில் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்த செம்மண் தூசி. விரலால் தட்டினால் உதிரும். அந்த இணைப்பில் மட்டும் கருத்த பசை. கேஸ் கசியும்போது கம்ப்ரசர் ஆயிலையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வரும், அந்த ஈரத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும்.

துடைத்துவிட்டு 150 பிஎஸ்ஐ நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினோம். முதலில் ஒன்றுமில்லை. சற்றுப் பொறுத்த பிறகு இணைப்பின் கீழ் விளிம்பில் ஒரு சிறு குமிழி கிளம்பி, மெல்லப் பெருத்து, உடையாமல் அப்படியே நின்றது. பக்கத்தில் இன்னொன்று. சோப்பைத் தடவிய கையோடு அடுத்த இடத்துக்குப் போயிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

போல்ட்டைக் கழற்றி, இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கை எடுத்தபோது அது வட்டமாக இல்லை; தட்டையாக அழுந்தி, ஒரு பக்கத்தில் வெட்டும் இருந்தது. பம்பர் வேலையில் கண்டென்சரைக் கழற்றி மாட்டியபோது பழைய ரிங்கையே ஆயில் தடவாமல் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். உலர்ந்த ரிங் முறுக்கிக்கொண்டு ஓரத்தில் சிக்கினால் இப்படித்தான் வெட்டுப்படும். சில ரூபாய்ப் பொருள். அடியோடு திறந்த கசிவாக இருந்திருந்தால் சில நாளில் ஏசியே நின்று, அன்றே கண்டுபிடித்திருப்பார்கள். இது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால்தான் கூலிங் இல்லை என்ற புகாருக்குப் பதிலாக ஒரு பக்கம் கூலிங் இல்லை என்ற புகார் வந்தது.

லோ சைடு சர்வீஸ் போர்ட்டில் மூடியும் காணோம். கேஸ் ஏற்றிய இடத்தில் விட்டுப்போயிருக்கலாம். அங்கும் சோப்பு வைத்தால் வால்வு ஊசி லேசாகக் குமிழி விட்டது. அதை மாற்றி, ரப்பர் வளையம் உள்ள மூடி போட்டோம். அந்த மூடி அழகுக்கு வைத்ததல்ல, ஊசி கசிந்தால் கேஸைத் தடுத்து நிறுத்துவது அதுதான்.

சரிசெய்தது

கண்டென்சரின் இரண்டு இணைப்பிலும் இந்தக் கேஸுக்கு உரிய ஓ ரிங், பிஏஜி எனும் கம்ப்ரசர் ஆயில் தொட்டுப் போட்டது. கண்டென்சரின் பக்கக் குழாய்க்குள் இருக்கும், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் பை புதிது. போன ஆயிலுக்கு ஈடாக 20 மில்லி பிஏஜி 46. வேக்யூம் முக்கால் மணி நேரம், அதன் பிறகு பம்பை நிறுத்தி முள் ஏறுகிறதா என்று கால் மணி நேரம் காத்திருப்பு. ஏறவில்லை. அப்புறம் எடை போட்டு 500 கிராம். கேஜைப் பார்த்துக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அதே நிழல், அதே அமைப்பு, வெளியே மறுபடி 37 டிகிரி. லோ சைடு 30. முன்பு இருந்ததற்கும் இதற்கும் ஒரே ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். ஹை சைடு 150இலிருந்து 205க்கு ஏறியிருந்தது. திரும்பும் குழாய் 18இலிருந்து 8 டிகிரிக்கு இறங்கியிருந்தது. வென்ட்டுகள் இடமிருந்து வலமாக 7, 7.5, 9, 10.

மிச்சமிருந்த 3 டிகிரிக்கும் கணக்குப் பார்த்துவிடலாம் என்று ஹீட்டர் ஹோஸை மறுபடி நெரித்தோம். வலக்கோடி 10இலிருந்து 8.5க்கு வந்தது. அதே 1.5 டிகிரி, அந்தக் கசியும் ஃப்ளாப். எஞ்சிய 1.5 டிகிரியை நான் கோளாறாக எண்ணுவதில்லை. வலக்கோடி வென்ட்டுக்குக் காற்று நீண்ட குழாய் வழியாக டேஷ்போர்டின் சூட்டைக் கடந்து வருகிறது. பல நல்ல வண்டிகளிலும் கோடி வென்ட் ஒன்றிரண்டு டிகிரி கூடத்தான் காட்டும்.

எடைப்படி கேஸ் ஏற்றிய பிறகும் ஒரு பக்கம் சுடுகிற வண்டிகள் உண்டு. அப்போதுதான் எக்ஸ்பான்ஷன் வால்வையும், உள்ளே அடைத்துக்கொண்ட காயிலையும் சந்தேகிக்க வேண்டும். ஹோஸை நெரித்ததும் சுட்ட பக்கம் கிடுகிடுவென்று இறங்கிவிட்டால் டேஷ்போர்டை இறக்கத் தயங்க வேண்டியதில்லை. ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டியில் முன்னால் குளிர்ந்து பின்னால் சுட்டால் அது வேறு விவகாரம். அங்கே பின்னால் தனிக் காயில், தனி எக்ஸ்பான்ஷன் வால்வு, தனி ப்ளோயர் இருக்கும். தேட வேண்டிய இடங்களும் கூடும். அங்கேயும் எடை போட்டுவிட்டுத்தான் மற்றது.

வண்டியை எடுக்க வந்தபோது ஃப்ளாப் விஷயத்தை அவரிடம் மறைக்கவில்லை. இரண்டு முறை நெரித்துப் பார்த்த அளவையும் ஜாப் கார்டில் காட்டினேன்.

“அப்ப அதையும் மாத்திடலாமாண்ணே?”

“ஒன்றரை டிகிரிக்கு டேஷ்போர்டை இறக்க வேணாம் சார். என்னைக்காவது கூலிங் காயிலோ ஹீட்டர் காயிலோ மாத்த வேண்டி வந்து டேஷ்போர்டு இறங்குச்சுன்னா, அப்ப சேத்துப் பாத்துக்கலாம்.”

ஜாப் கார்டின் கடைசி வரியில் அதை எழுதிக் கொடுத்தேன்: வலப்பக்க ஃப்ளாப் லேசான கசிவு, 1.5 டிகிரி, இப்போது வேலை தேவையில்லை.